தப்பின் தனிநிலை: மலையகத் தாளமும் பரிசோதனை முழவிசையும்

தமிழிசை பற்றிய நமது ஆய்வுகளிலே தாளக் கருவிகள் பெரும்பாலும் துணைமை நிலையில் வைத்தே நோக்கப்பட்டு வந்துள்ளன. பண்ணும் பாட்டும் முதன்மை பெற, முழவு அவற்றைத் தாங்கிச் செல்லும் பக்கவாத்தியமாகவே கருதப்பட்டது. கச்சேரியின் பிற்பகுதியில் மிருதங்கத்துக்கு வழங்கப்படும் தனி ஆவர்த்தனங்கூடப் பாடகர் தந்துதவும் ஓர் இடைவெளியேயன்றி, முழவுக்கென அமைந்த முழுமையான இசையாக்கம் ஆகாது. மேனாட்டுச் செவ்வியல் இசையிலும் நிலைமை நெடுங்காலம் இதுவேயாக இருந்தது. வாத்தியக் குழுவின் பின்வரிசையில் நின்று, உச்ச கட்டங்களில் மட்டும் ஒலிப்பதே முழவுக்கு விதிக்கப்பட்ட பணியாயிற்று. இந்நிலை இருபதாம் நூற்றாண்டில் மாறியது. அம்மாற்றத்தின் விளைவாகத் தோன்றியதே, ஒரே இசைஞர் வழமை சாராத கருவிகளைக் கொண்டு நிகழ்த்தும் பரிசோதனை முழவிசை. இவ்விசை வடிவத்தை அற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் தப்பு மரபோடு ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவதற்காக இவ்வொப்பீட்டை நாம் மேற்கொள்ளவில்லை. தனித்து ஒலிக்கும் ஒரு முழவின் காலத்தை ஆள்பவர் யார் என்ற வினாவை இரண்டிடமும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.

முதலில் மேனாட்டு வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். எட்கார் வரேஸ் 1929க்கும் 1931க்கும் இடையில் ஆக்கிய ‘அயனைசேஷன்’, பதின்மூன்று இசைஞர் இசைப்பதற்கென முழவுக் கருவிகளைப் பெரும்பான்மையாகக் கொண்டு அமைந்தது. யோன் கேஜ் 1939இல் எழுதிய ‘உலோகத்தில் முதற் கட்டுமானம்’ என்னும் ஆக்கத்தில் மோட்டார் வாகனங்களின் தடைச்சில்லுகளும் பெரிய உலோகத் தகடுகளும் இசைக்கருவிகளாயின. 1959இல் கார்ல்ஹைன்ஸ் ஸ்ரொக்ஹவுசன், டார்ம்ஸ்டாட் நகரில் நடந்த முழவுப் போட்டிக்கென ‘சுழல்’ எனப் பொருள்படும் ‘சிக்லுஸ்’ என்ற ஆக்கத்தைத் தந்தார். கருவிகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்க, இசைஞர் நடுவில் நின்று சுற்றிச் சுற்றி இசைப்பார். எழுத்துப்படியின் எந்தப் பக்கத்திலும் தொடங்கலாம். சுற்று நிறைவுற்றுத் தொடங்கிய இடத்துக்கு மீள்கையில் ஆக்கம் முடிவுறும். யானிஸ் செனாக்கிஸ் 1975இல் ஆக்கிய ‘சாப்பா’ இதற்கு ஒருபடி அப்பாற் சென்றது. தோலும் மரமும் ஒரு தொகுதி, உலோகம் மற்றொரு தொகுதி என வகுத்ததோடு அவர் நின்றுவிட்டார். எந்தக் கருவிகளை எடுப்பது என்பது இசைஞரின் தெரிவுக்கே விடப்பட்டது.

இவ்வரிசையில் எமது பொருளுக்கு மிக அண்மையில் நிற்பது பிரெடெரிக் ஷெவ்ஸ்கி 1985இல் ஆக்கிய ‘மண்ணுக்கு’ என்னும் படைப்பாகும். சிலி நாட்டு மக்கள் போராட்டப் பாடலொன்றை அடிப்படையாகக் கொண்டு 1975இல் முப்பத்தாறு பியானோ மாறுபாடுகளை எழுதிய இவர், இசையின் சமூகக் கடமை பற்றித் தெளிவான நோக்குடையவர். ‘மண்ணுக்கு’ படைப்பில் இசைஞர் ஒருவர் நான்கு சுட்ட மண் பூச்சட்டிகளை முன்வைத்துக் குச்சிகளால் மெல்லத் தட்டியவாறே, ஹோமரின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்கத் துதியொன்றின் மொழிபெயர்ப்பைச் சொல்லுகின்றார். அனைத்துயிர்க்கும் உணவளிக்கும் தாயாக மண்ணைப் போற்றுவது அத்துதி. பூச்சட்டி விலைமலிந்தது, எங்கும் கிடைப்பது, ஓங்கி அடித்தால் உடைந்து போவது. எனவே இசைஞர் தமது வல்லமையைக் காட்டுதற்கு அங்கு இடமில்லை. மண்ணைப் பற்றிய சொல்லும் மண்ணாலான கருவியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதாலேயே இப்படைப்பு வெறும் புதுமை என்ற நிலையைக் கடந்து விடுகின்றது. கருவி ஏன் அக்கருவியாக இருத்தல் வேண்டும் என்ற வினாவுக்கு விடை படைப்பினுள்ளேயே உண்டு. பரிசோதனை இசை அனைத்துக்கும் நாம் இட வேண்டிய முதல் அளவுகோல் இதுவே எனலாம்.

இவ்விடத்தில் ‘வழமை சாராத கருவி’ என்னும் தொடரைச் சற்று ஆராய்தல் வேண்டும். வழமையை வகுத்தவர் யார்? கருவி செய்யப்படும் பொருள் மட்டுமே வழமையைத் தீர்மானிப்பதாயின், சமையலறைப் பானையை ஒத்த கடம் கருநாடக இசை மேடையில் ஏறியிருத்தல் இயலாது. மானாமதுரையில் வனையப்படும் கடம் இன்று பெருமைமிக்க கச்சேரிக் கருவியாகும். விக்கு விநாயகராம் அதனை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றார். விலங்குத் தோலே தடையாயிற்று எனக் கூறின் அதுவும் பொருந்தாது. மிருதங்கத்தின் முகங்களிற் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் இடம்பெறுகின்றன என்பதையும், அவற்றைப் பதப்படுத்திப் பூட்டும் கைகள் பெரும்பாலும் தலித் மக்களின் கைகளே என்பதையும் ரி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். மிருதங்கத் தோல் மேடையேறியது. அதே தோலைப் பூட்டிய தப்பு மேடைக்கு வெளியே நின்றது. ஆகவே தப்பை வழமைக்குப் புறம்பாக்கியது அதன் பொருளன்று, ஒலியுமன்று. அதனை அடித்த கைக்குச் சமூகம் கொடுத்த இடமே அதனைப் புறம்பாக்கியது. மேனாட்டுப் பரிசோதனையாளர் வாகன உதிரிப் பாகத்தை மேடைக்குக் கொணர்ந்தபோது அழகியல் வழமையொன்றை மீறினர். தப்பு மேடையேறும்போது மீறப்படுவதோ சாதி வழமையாகும். இவ்விரு மீறல்களையும் ஒன்றெனக் கொள்ளும் விமர்சனம் மேலோட்டமானதாகவே அமையும்.

மலையகத் தப்பு, தமிழகத்தில் பறை எனவும் தப்பட்டை எனவும் வழங்கும் கருவியின் உறவாகும். திணையின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைத் தொல்காப்பியம் எண்ணுவதை நாம் அறிவோம். மர வளையமொன்றில் ஒரு பக்கம் மட்டும் தோல் பூட்டப்பெற்றது இக்கருவி. ஒரு கையில் தடித்த குறுங்குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் கொண்டு அடிக்கப்படும். குறுங்குச்சி தோலின் நடுவில் விழுங்கால் ஆழ்ந்த ஒலியும், நீண்ட குச்சி மேல் விளிம்பிற் சுண்டுங்கால் கூரிய ஒலியும் பிறக்கும். இரண்டும் ஒருங்கே விழும் ஒலி மூன்றாவது. இம்மூன்றின் சேர்க்கையும் இடைவெளியுமே அதன் இலக்கணத்துக்கு அடிப்படை. ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி என்றாங்குத் தமிழகத்தில் அடிகள் பெயர் பெற்றுள்ளமை, இஃது இலக்கணமற்ற வெற்றோசை என்ற கூற்றை மறுத்தற்குப் போதிய சான்றாகும்.

தப்பைத் தீயிற் காய்ச்சித் தோலை இறுக்கிய பின்னரே அடிப்பர். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. மூடுபனியும் தூறலும் நிறைந்த இம்மலைகளில் தோல் விரைவிற் தளர்ந்துவிடும். மீண்டும் மீண்டும் தீயை நாட வேண்டும். ஆகவே தீமூட்டலும் காய்ச்சலும் ஓரிரு அடி அடித்துப் பதம் பார்த்தலும் நிகழ்வுக்குப் புறம்பான ஆயத்தங்களல்ல. நிகழ்வின் நடையோடு கலந்த பகுதிகளே. செயற்கைத் தோல் பூட்டிய கருவிகள் இன்று கிடைக்கின்றன. அவை மழைக்கும் பனிக்கும் அசையா. எனினும் காய்ச்சுதற்கென நிறுத்தும் அந்த இடைவெளி நீங்கும்போது, மலையகத் தப்பின் கால அமைப்பும் ஓரளவு மாறிவிடுகின்றது என்பதை விமர்சகர் மனங்கொள்ளல் வேண்டும்.

1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டமை இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடத்திக் கொணரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளரோடு தப்பும் வந்தது. ஊரிலே பிறப்புக்கும் இறப்புக்கும் தெய்வத்துக்கும் ஒலித்த கருவிக்குத் தோட்டம் புதியதொரு பணியை இட்டது. வைகறை இருளில் லயங்களில் உறங்குவோரை எழுப்பி, வேலை பகிரப்படும் பெரட்டுக் களத்துக்கு அழைக்கும் பணியே அது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தி அ. பாலஐயா தமிழாக்கிய ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் நெடுங்கவிதை, விடியலை அம்முழவொலியோடு இணைத்தே தொடங்குவது தற்செயலானதன்று. தோட்டத்தின் நாள் அவ்வொலியிலிருந்தே பிறந்தது.

பெரட்டுத் தப்பு உண்மையில் ஒரு தனிவாசிப்பு. ஒருவர், ஒரு கருவி. பாட்டில்லை, ஆட்டமில்லை, உடன் இசைப்பாரில்லை. மலைச்சரிவு முழுவதும் அரங்கு. அரங்கிலுள்ள யாவரும் செவிமடுத்தே தீர வேண்டும். மேனாட்டார் 1950களில் அடைந்த தனி முழவிசை என்னும் வடிவம் மலையகத்தில் அதற்கு நெடுங்காலம் முன்னரே நாள்தோறும் நிகழ்ந்தது எனச் சிலர் பெருமிதங்கொள்ளக்கூடும். அப்பெருமிதத்துக்கு நாம் இடமளியோம். ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், கைத்தொழில் முதலாளித்துவம் மனிதரின் காலவுணர்வையே மாற்றி, வேலையை அடிப்படையாகக் கொண்ட காலத்தைக் கடிகாரத்தை அடிப்படையாகக் கொண்ட காலமாக்கியதை விளக்கினார். மான்செஸ்டரில் ஆலைச் சங்கு செய்ததை இம்மலைகளில் ஒரு மனிதரின் கை செய்தது. துரையின் கைக்கடிகாரத்திலிருந்த நேரம் தப்பின் தோல் வழியாக லயங்களுக்குட் புகுந்தது. அடித்தவர்தாமும் அந்நேரத்தின் உரிமையாளர் அல்லர்; பிறருக்கு முன்னதாக எழ வேண்டிய தொழிலாளரே அவர். இசையில் காலத்தின் ஒழுங்கைக் குறிக்கும் ‘லயம்’ என்ற சொல்லும், ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபாய்த் தொழிலாளர் குடியிருப்பைக் குறிக்கும் ‘லயம்’ என்ற சொல்லும் மலையகத் தமிழில் ஒரே ஒலியினவாய் அமைந்தமை மொழியியலளவில் விபத்தே. ஆயினும் பெரட்டுத் தப்பு ஒலித்த அவ்வேளையில் இரண்டு லயங்களும் ஒருவரது ஆணைக்கே உட்பட்டிருந்தன.

இதே கருவியின் மறு முகத்தைக் காமன் கூத்திலே காண்கின்றோம். மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டுத் தொடங்கி, ரதி மதன் கதையை ஆடி, சிவனது நெற்றிக்கண்ணால் மதன் எரிவதோடு உச்சமடையும் இக்கூத்து, மலையக மக்களின் கூட்டுக் கலை வடிவங்களுள் தலையாயது. இங்கே ஒவ்வொரு பாத்திரமும் அரங்கினுள் வருதற்கு வெவ்வேறு அடி உண்டு. தூதனின் வருகையும் வீரபத்திரனின் வருகையும் ஒரே நடையில் அமைவதில்லை. பார்வையாளர் பாத்திரத்தைக் கண்ணாற் காணுமுன் செவியால் அறிந்துகொள்வர். ஆடுபவர் களைத்தாற் தப்பு தணியும். அருள் மிகுந்தாற் தப்பு விரையும். பெரட்டில் நிமிடத்துக்குக் கட்டுப்பட்ட அதே கை இரவு முழுவதும் தன் கூட்டத்தோடு பேசித் தன் காலத்தைத் தானே வகுக்கின்றது. முன்னதிற் தனித்து நின்ற இசைஞர் அடிமைப்பட்டிருந்தார். பின்னதிற் பலரோடு கூடிநின்றவர் விடுதலை பெற்றார். தனிவாசிப்பு எனின் விடுதலை என்றும், துணைவாசிப்பு எனின் அடங்கி நிற்றல் என்றும் கொள்ளும் பொதுவான எடுகோள் மலையகத்தில் தலைகீழாகி விடுவதை இங்கு நாம் காணலாம். ஸ்ரொக்ஹவுசனின் இசைஞர் எப்பக்கத்திலும் தொடங்கலாம் என்பது பெரிய சுதந்திரமே. ஆனால் எப்பொழுது தொடங்குவது என்ற சுதந்திரம் அவருக்கு ஏற்கெனவே உண்டு. பெரட்டுத் தப்படித்தவருக்கு இல்லாதிருந்தது அதுவே.

பிற்காலத்தில் பல தோட்டங்களில் ஆலைச் சங்கும் மணியும் பெரட்டுத் தப்பின் இடத்தைப் பெற்றன. கடிகாரப் பணியிலிருந்து கருவி விடுபட்டது. ஆனால் சாதியிலிருந்து விடுபடவில்லை. சாவு வீட்டில் அடித்தல் பறையர் சமூகத்தாரின் கட்டாயக் கடமையாகக் கொள்ளப்பட்ட இழிநிலை கடல் கடந்தும் தொடர்ந்தது. இதன் காரணமாகவே அச்சமூகத்து இளைஞர் பலர் தப்பைத் தொட மறுத்தனர். இம்மறுப்பைக் கலையின் அழிவு என்று மட்டும் புலம்புவது முற்போக்காளருக்கு அழகன்று. கட்டாயப் பணியைக் கைவிடுதல் ஒரு போராட்ட வடிவமே என்பதில் ஐயமில்லை. எனினும் அம்மறுப்பே முடிவான தீர்வு என்போருடனும் நாம் உடன்படுதற்கில்லை. கருவியை விட்டொழித்தால் அதனோடு நூற்றாண்டுகளாகத் திரண்ட தாள அறிவும் ஒழியும். இழிவைச் சுமத்தியவர்களோ ஒன்றையும் இழக்கமாட்டார்கள். கடமையை ஒழித்துக் கலையைக் காத்தல் என்னும் இரட்டைப் பணியே வேண்டற்பாலது.

இது வெறுங் கனவன்று என்பதற்கு அண்டை உதாரணங்கள் உள. அதே மத்திய மலைநாட்டிற் சிங்கள மக்களின் கெட்ட பெரயவும், தாழ்த்தப்பட்ட பெரவா சாதியினரின் பரம்பரைத் தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்த கருவியே. கண்டி நடனம் தேசியக் கலையாக உயர்த்தப்பட்டபோது அம்முழவும் பாடசாலைக்கும் அரச விழாவுக்கும் வந்து சேர்ந்தது. முழவு உயர்ந்த அளவுக்கு முழவடித்த சமூகத்தின் நிலை உயர்ந்ததா என்பது தனித்து ஆராயத்தக்கது. ஆனால் அரசும் கல்வியும் எண்ணினால் ஒரு கருவியின் இடம் மாறும் என்பது அதனாற் தெளிவாகின்றது. ஒரே மலையில் வாழ்ந்த இரு முழவுகளுள் ஒன்று அரசின் முழவாகவும் மற்றது 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் முழவாகவும் ஆயின. தப்பின் இன்றைய நிலையை இவ்வரலாற்றினின்று பிரித்து நோக்கவியலாது. தமிழகத்திலோ திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை எடுத்தாடி, சாதி இழிவையும் ஆண்களுக்கே உரிய கருவி என்ற வழக்கையும் ஒருசேர மறுத்துள்ளனர். மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெண்களின் பங்கு மலையகத்துக்குச் சிறப்பாகப் பொருந்துவது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையினர் பெண்களே; பெரட்டுக்கு முன்னரே எழுந்து அடுப்பு மூட்டியவர்களும் அவர்களே. தப்பொலி யாரை முதலில் எழுப்பியதோ அவர்களது கைக்குத் தப்பு வருதல் நியாயமான வரலாற்று நிறைவேற்றமாகும்.

இனி, மலையகத்திலிருந்து பரிசோதனை முழவிசை ஒன்று எழுமாயின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? தப்போடு கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, தராசு, தகரக் கூரைத் துண்டு ஆகியவற்றையும் மேடையிலே பரப்பி ஒருவர் இசைக்க முற்படலாம். அம்முயற்சியை நாம் வரவேற்போம். ஆயின் ஷெவ்ஸ்கியின் பூச்சட்டியிடம் கேட்ட கேள்வியை இங்கும் கேட்டல் வேண்டும். அக்கத்தி மேடைக்கு வந்தது அதன் ஒலிக்காகவா, தோட்டத்து வறுமையை நகரத்தாருக்குக் காட்சிப் பொருளாக்குதற்காகவா? கூடையின் பிரம்பில் விரல் பட எழும் ஒலிக்கும், நிறுவையில் நாளொன்றுக்கான கொழுந்தின் அளவு தீர்மானிக்கப்படும் அந்தக் கணத்துக்கும் படைப்பினுள் உறவு உண்டா? தொழிற் கருவியின் ஒலியை எடுத்துத் தொழிலை மறக்கும் படைப்பு, எத்துணை நுட்பமாயினும், அலங்காரமே. மறுபுறம், தொழிலை நினைவூட்டுகின்றது என்பதற்காகவே தாளச் செறிவற்ற ஒரு படைப்பைப் பாராட்டுவதும் தவறு. மக்கள் கலைக்குச் சலுகை மதிப்பெண் வழங்கும் விமர்சனம் அம்மக்களைச் சிறுமைப்படுத்துகின்றது. காமன் கூத்துத் தப்பு காலத்தை நெகிழ்த்தும் நுண்மையைச் செவியுற்ற எவரும் இத்தகைய சலுகைக்குத் தேவையில்லை என்பதை உணர்வர்.

மண்ணைத் துதிக்கும் பூச்சட்டி இசை மலையகத்துச் செவிக்கு மற்றொரு பொருளையும் தரும். இருநூறு ஆண்டு வரலாற்றை 2023இல் நினைவுகூர்ந்த இம்மக்களுள் மிகப் பலர் தாம் பண்படுத்திய மண்ணில் ஒரு துண்டுக்கேனும் உரித்தாளர் அல்லர். ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டங்கூட எல்லோரையும் எட்டவில்லை. மண்ணைத் தாயென்று போற்றும் துதியை லயத்து வாசலில் நின்று சொல்லுபவரின் குரல், அதே சொற்களை டார்ம்ஸ்டாட்டிற் சொல்லுபவரின் குரலாக இராது. பரிசோதனை இசை உலகப் பொதுவானது என்ற கூற்றை இவ்வேறுபாட்டை உட்கொண்டே நாம் ஏற்க முடியும்.

இத்துறையில் நமது பல்கலைக்கழகங்கள் ஆற்ற வேண்டிய பணிகள் தெளிவானவை. தோட்டந்தோறும் எஞ்சியுள்ள அடிகளை அவற்றின் பெயரோடும் நிகழிடத்தோடும் ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். பதிவில் அடித்தவரின் பெயர் இடம்பெறல் வேண்டும். ‘தகவலாளி’ என்ற பொதுப்பெயருக்குள் கலைஞரை மறைக்கும் வழக்கம் நீங்கல் வேண்டும். மிருதங்கச் சொற்கட்டுகளைக் கடன் வாங்காது, தப்பின் மூன்று ஒலிகளுக்கும் அதன் இடைவெளிகளுக்கும் உரிய குறியீட்டு முறையொன்றை அக்கலைஞருடனேயே கலந்து வகுத்தல் வேண்டும். இசைத்துறைகளிற் தப்பு கற்பிக்கப்படுமாயின், கற்பிப்பவர் தோட்டத்திலிருந்து வரும் கலைஞராகவும், உரிய ஊதியம் பெறுபவராகவும் இருத்தல் வேண்டும். விழாக்களிலே வரவேற்பு ஊர்வலத்தின் முன்னால் தப்படிக்கச் செய்து, நிகழ்ச்சி தொடங்கியதும் அவர்களை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் இருக்கும்வரை, தப்பின் தனிநிலை பற்றிய ஆய்வுகள் எத்தனை எழுதினும் பயனில்லை. அம்மண்டபத்தினுள் அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, எப்பொழுது தொடங்குவது, எப்பொழுது தோலைக் காய்ச்சுவது, எப்பொழுது முடிப்பது என்பவற்றை அவர்களிடமே விட்டுப் பார்த்தல் நாம் உடனடியாகச் செய்யக்கூடிய பரிசோதனையாகும்.